இருநூறாம் பக்கத்தில் நின்றுபோன ஜப்பானிய நாவல்: முடிப்பதா, மாற்றுவதா?

அக்கா பணி ஓய்வு பெற்றபோது நான் கொடுத்த பரிசு ஹிடியோ யோகோயாமாவின் 'சிக்ஸ் ஃபோர்'. ஆங்கில மொழிபெயர்ப்பில் அறுநூறு பக்கங்களுக்கு மேல். துப்பறியும் கதை கையில் இருந்தால் அடுப்பில் பால் பொங்குவதுகூட அவளுக்குத் தெரியாது. எண்பதுகளில் பேருந்து நிலையக் கடையில் ஒரு பாக்கெட் நாவல் வாங்கினாள் என்றால், எங்கள் நிறுத்தம் வருவதற்குள் கொலையாளி யார் என்று சொல்லிவிடுவாள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அந்த நம்பிக்கையில்தான் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்துத் தொலைபேசியில் அழைத்தாள்.

"என்னடா புத்தகம் இது? இருநூறு பக்கம் தாண்டிவிட்டேன். அந்தப் போலீஸ்காரன் இன்னும் மீட்டிங் அறையை விட்டு வெளியே வரவில்லை."

"வர மாட்டான் அக்கா. அவன் வேலையே அதுதான்" என்றேன்.

"முப்பத்து நான்கு வருடம் நான் உட்கார்ந்த மீட்டிங் போதாதா? அதைப் புத்தகத்தில் வேறு படிக்கவேண்டுமா?"

அவள் ஓய்வு பெற்றது அரசு அலுவலகம் ஒன்றின் கணக்குப் பிரிவிலிருந்து. அலுவலகத்தை விட்டு வந்த சூட்டோடு அலுவலகக் கதையைக் கையில் திணித்தது என் தப்புதான். இதை முடிக்கட்டுமா, இல்லை வேறொன்றைச் சொல்கிறாயா, ஜப்பான்காரர்கள் எல்லோருமே இப்படித்தான் எழுதுவார்களா என்று மூன்று கேள்விகளை அடுக்கிவிட்டு வைத்துவிட்டாள். அவளுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். அவளைப் போல் பாதியில் நிற்கிறவர்கள் வேறு சிலரும் இருக்கக்கூடும். எந்தக் கதையின் முடிவையும் இங்கே உடைக்கவில்லை.

முதலில் அவள் பக்கத்து நியாயம். நானும் முதல் தடவை நூற்று எண்பதாம் பக்கத்தை ஒட்டி மூடிவைத்தவன்தான். கதைச் சுருக்கத்தைப் படித்தால் வேறு எதையோ எதிர்பார்க்கத் தோன்றும். 1989 ஜனவரி முதல் வாரம், 'டி' என்று மட்டும் குறிக்கப்படும் ஒரு மாகாணத்தில் ஏழு வயதுச் சிறுமி கடத்தப்படுகிறாள். இரண்டு கோடி யென் கேட்கிறான் கடத்தியவன். பணப்பெட்டியோடு தந்தையைக் கடை கடையாக அலைய வைக்கிறான். பணம் போகிறது, பிள்ளை பிணமாகக் கிடைக்கிறாள். ஜனவரி 7 அன்று பேரரசர் ஹிரோஹிட்டோ இறந்துபோக, அவருடைய ஆட்சியை வைத்து எண்ணிய ஷோவா ஆண்டுக் கணக்கில் அறுபத்து நான்காம் ஆண்டு ஏழே நாளில் முடிந்துவிடுகிறது. நாடே அரண்மனையைப் பார்த்துக்கொண்டிருந்த வாரத்தில் ஒரு ஊறுகாய் வியாபாரியின் மகளுக்காக நின்று அழ ஆளில்லை. போலீஸ்காரர்கள் அந்த வழக்குக்கு வைத்துக்கொண்ட பெயர்தான் அறுபத்து நான்கு. நாவல் நடப்பது அதற்குப் பதினான்கு ஆண்டுகள் கழித்து. அக்காலத்து ஜப்பானியச் சட்டப்படி கொலைக்கும் பதினைந்து ஆண்டுதான் கெடு. அதற்குள் பிடிபடாதவன் மீது வழக்குத் தொடர முடியாது. (அந்தக் கெடுவை 2005-இல் இருபத்தைந்தாக நீட்டினார்கள், 2010-இல் கொலைக் குற்றங்களுக்கு அடியோடு எடுத்துவிட்டார்கள்.) ஆக, கையில் இருப்பது ஒரே ஒரு வருடம்.

இதைக் கேட்டால் யாருக்கும் வேர்க்கும். யோகோயாமா என்ன செய்கிறார் என்றால், கதையைத் துப்பறிகிறவன் கையிலிருந்து பிடுங்கி மிகாமி என்பவன் கையில் கொடுத்துவிடுகிறார். மிகாமி முன்னாள் துப்பறிவாளன். இப்போது செய்தித் தொடர்பு அதிகாரி. வழக்கைத் தொட அவனுக்கு அதிகாரமில்லை. தோக்கியோவிலிருந்து காவல்துறைத் தலைவர் வருகிறார், இறந்த சிறுமியின் வீட்டுக்குப் போய் ஊதுபத்தி ஏற்றப் போகிறார், அதற்கு அந்தத் தந்தையைச் சம்மதிக்க வைக்கவேண்டும். இது ஒரு வேலை. இன்னொன்று, நிருபர்களைச் சமாதானப்படுத்துவது. ஒரு கர்ப்பிணி ஓட்டிய கார் ஒரு முதியவரை அடித்துப்போட்டது. அவள் பெயரைத் தர மாட்டோம் என்கிறது காவல்துறை. தராவிட்டால் தலைவரின் வருகையைப் புறக்கணிப்போம் என்கிறார்கள் நிருபர்கள். இந்த இழுபறிதான் நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு. பெரிய அதிகாரி ஆய்வுக்கு வருகிறார் என்றதும் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துப் பழகிய ஊரைச் சேர்ந்தவர்களுக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை. ஆனால் புரிவதும் சுவைப்பதும் ஒன்றா?

இங்கே ஜப்பானைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்துகொண்டால் பாதி எரிச்சல் குறையும். அங்கே காவல்துறைத் தலைமையகத்துக்குள்ளேயே நிருபர்களுக்கென்று அறை உண்டு. 'கிஷா கிளப்' என்பார்கள். பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் தங்கள் ஆட்களை நிரந்தரமாக அங்கே உட்கார வைத்திருக்கும். தினம் முகம் பார்த்தே ஆகவேண்டிய உறவு அது. சண்டை போட்டுக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போய்விட முடியாது. கதவை அடித்துச் சாத்தினாலும் மறுநாள் காலை அதே கதவைத் திறந்துகொண்டு வரவேண்டும். யோகோயாமா பன்னிரண்டு வருடம் குன்மா மாகாணத்து நாளிதழ் ஒன்றில் நிருபராக இருந்தவர். அந்த அறையின் சிகரெட் வாடை அவருக்குத் தெரியும். தெரிந்ததையெல்லாம் எழுதியே தீருவது என்று உட்கார்ந்துவிட்டார் என்பதுதான் நம் துன்பம்.

அடுத்த தடை பெயர்கள். மிகாமி. அவன் மனைவி மினாகோ. அவனிடம் வேலை செய்யும் இளம்பெண் மிகுமோ. பெரிய துப்பறிவாளர் மாட்சுவோகா. வேலையை விட்டுப் பூப்பயிரிடும் பழைய நண்பன் மொச்சிசுகி. ஆங்கிலத்தில் படிக்கும்போது பக்கம் முழுக்க ஒரே எழுத்து வரிசை கட்டி நிற்கிறது; தமிழில் எழுதிப் பார்த்தாலும் அதே கதிதான். ஜப்பானிய வாசகருக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர் படிப்பது ஒலியை அல்ல, சித்திர எழுத்தை. மிகாமி என்பதில் மூன்று கோடும் மேலே என்ற குறியும் இருக்கின்றன. மிகுமோ அழகிய மேகம். மாட்சுவோகா பைன் மரக் குன்று. மொச்சிசுகி முழுநிலா. கண்ணுக்கு ஒன்றோடொன்று ஒட்டாத உருவங்கள். கடல் கடந்து வரும்போது மேகமும் குன்றும் நிலவும் கரைந்துபோய் நமக்கு ஒரு 'ம' மட்டும் மிஞ்சுகிறது. இரண்டாம் தடவை படிக்க எடுத்தபோது நான் செய்த முதல் வேலை, ஒரு சீட்டில் பெயரையும் ஆள் யார் என்பதையும் எழுதி வைத்துக்கொண்டதுதான். அந்தச் சீட்டு இல்லாவிட்டால் இரண்டாம் தடவையும் மூடியிருப்பேன்.

சரி, முடித்தால் என்ன கிடைக்கும்? கடைசி நூற்றைம்பது பக்கங்களில் புத்தகம் எழுந்து ஓடுகிறது. அதுவரை அலுவலகக் குப்பை என்று நாம் தள்ளி வைத்தவற்றில் பல அங்கே சாட்சி சொல்ல வருகின்றன. ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த ஓட்டம் அல்ல. அதற்கு முன்னால் ஓர் இடம் இருக்கிறது. கார் ஓட்டிய பெண்ணின் பெயருக்காக அத்தனை நாள் தொண்டை கிழியக் கத்திய நிருபர்களுக்கு முன்னால் மிகாமி நின்று, அடிபட்டு இறந்துபோன அந்த முதியவரைப் பற்றி விசாரித்துக் கொண்டுவந்ததை ஒவ்வொன்றாகச் சொல்கிறான். எங்கே பிறந்தார், எப்படிப் பிழைத்தார், தனியாக எப்படி வாழ்ந்தார். யாரும் கேட்காத மனிதர். சத்தம் போட்டுக்கொண்டிருந்த அறை மெல்ல மெல்ல அடங்குகிறது. படித்துக்கொண்டிருந்த எனக்கும் சுருக்கென்றது. நானும் அவரைப் பற்றி ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை; கடத்தல் வழக்கு எப்போது வரும் என்றுதான் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

இதற்காக மற்றதெல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். நிர்வாகப் பிரிவும் புலனாய்வுப் பிரிவும் ஒருவரையொருவர் வேவு பார்க்கும் அத்தியாயங்களில் நூறு பக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டலாம். மிகாமி ஒரு படியில் ஏறும்போது நினைத்ததையே இறங்கும்போதும் நினைக்கிறான். அவன் மகள் வீட்டை விட்டு ஓடிப்போயிருக்கிறாள், மனைவி தொலைபேசியை விட்டு நகராமல் வீட்டிலேயே காத்துக் கிடக்கிறாள். நாவலின் உயிர் அந்த வீட்டில் இருக்கிறது. ஆசிரியரோ நம்மைத் திரும்பத் திரும்ப அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறார். இந்தக் குறை எனக்கு முடித்த பிறகும் தீரவில்லை.

அப்படியானால் மாற்றுவதற்கு என்ன இருக்கிறது?

எல்லோரும் உடனே நீட்டுவது கெய்கோ ஹிகாஷினோவின் 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்'. ஜப்பானில் 2005-இல் வந்தது, மறு ஆண்டு தொடக்கத்தில் நவோகி பரிசு பெற்றது, ஆங்கிலத்தில் 2011-இல். முந்நூறு பக்கம்தான். முதல் அத்தியாயத்திலேயே கொலை நடந்துவிடுகிறது, யார் செய்தது என்பதும் தெரிந்துவிடுகிறது. மதிய உணவுப் பெட்டிக் கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண், அவளைத் துரத்தி வரும் முன்னாள் கணவன், பக்கத்து வீட்டில் இருக்கும் கணித ஆசிரியர். கொலையை மறைக்க அவர் போடும் கணக்கு, அதைப் பிரித்துப் பார்க்க வரும் அவருடைய கல்லூரி நண்பர். இவ்வளவுதான் சாமான். இரண்டு இரவில் முடிந்துவிடும். வேகம் வேண்டும், முடிவில் நெற்றியில் அடித்துக்கொள்ளவேண்டும் என்றால் இதற்கு மிஞ்சி நான் சொல்ல ஒன்றுமில்லை.

எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. ஹிகாஷினோவின் மனிதர்கள் கணக்குக்குத் தேவையான அளவுக்கு மட்டும் மூச்சு விடுகிறார்கள். கணித ஆசிரியர் ஒருவரைத் தவிர மற்றவர்களின் முகம் மறுமாதம் நினைவில் இல்லை. கடைசி விடை தெரிந்த பிறகு மறுபடி எடுக்கத் தோன்றுவதில்லை. இன்னொரு சங்கடமும் இருக்கிறது: 2008-இல் ஜப்பானிலும் 2012-இல் கொரியாவிலும் 2023-இல் இந்தியிலும் இது படமாகிவிட்டது. 'த்ரிஷ்யம்' வந்தபோதே இதோடு ஒப்பிட்டு ஒரு சர்ச்சை கிளம்பி, அதன் இயக்குநர் மறுத்ததும் நடந்தது. ஆகவே படம் பார்த்தவர்களுக்கு இந்தப் புத்தகத்தின் ஆணிவேர் ஏற்கெனவே அறுந்திருக்கும். அவர்கள் அதே ஆசிரியரின் 'மாலிஸ்' பக்கம் போகலாம். அதிலும் குற்றவாளி சீக்கிரமே மாட்டிக்கொள்கிறான். ஏன் செய்தான் என்பதுதான் கதை. எனக்கு 'சஸ்பெக்ட் எக்ஸ்'ஸைவிட அதுதான் ஒரு படி மேல். அக்கா இந்திப் படத்தை மைத்துனரோடு உட்கார்ந்து பார்த்துவிட்டாள். அவளைப் பொறுத்தவரை இந்தக் கதவு சாத்தியாகிவிட்டது.

நட்சுவோ கிரினோவின் 'அவுட்' வேறு ரகம். உணவுப் பெட்டி தயாரிக்கும் தொழிற்சாலையில் இரவுப் பணி செய்யும் நான்கு பெண்கள். ஒருத்தி கணவனைக் கொன்றுவிடுகிறாள், மற்றவர்கள் கைகொடுக்கிறார்கள். நானூறு பக்கத்துக்கு மேல் இருந்தாலும் நிற்காமல் ஓடும். ஆனால் குளியலறைக் காட்சிகள் வயிற்றைப் புரட்டும், முடிவுப் பகுதியின் வன்முறை அதைவிட மோசம். அக்காவிடம் பெயரைக்கூடச் சொல்லவில்லை.

புதிர் மட்டும் போதும் என்கிறவர்களுக்கு அங்கே தனித் தெருவே இருக்கிறது. 'ஹொன்காகு' என்பார்கள், பூட்டிய அறை, தனித்தீவு, வரைபடம், வாசகனுக்குச் சவால் என்று எல்லாம் விதிப்படி நடக்கும். யுகிட்டோ அயட்சுஜி 1987-இல் எழுதிய 'தி டெகாகன் ஹவுஸ் மர்டர்ஸ்' அதில் நல்ல நுழைவாயில். துப்பறியும் கதைச் சங்கத்து மாணவர்கள் ஒரு தீவுக்குப் போய் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். ஒருவரையொருவர் எல்லரி, அகதா, கார் என்று பழைய ஆசிரியர்களின் பெயரால்தான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். சதுரங்கக் காய்களுக்கு இருக்கும் குணச்சித்திரம் அவர்களுக்கும் இருக்கிறது. ஆனால் பின்பகுதியில் ஒரே ஒரு வாக்கியம் வருகிறது பாருங்கள், அதற்காகவே மீதியைப் பொறுத்துக்கொள்ளலாம்.

நான் அக்காவுக்குச் சொன்னது இவற்றில் எதையும் அல்ல. அவளுடைய எரிச்சலைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தேன். "மெதுவாகப் போவதா உனக்குப் பிடிக்கவில்லை, இல்லை அலுவலகத்தைச் சுற்றுவதா?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அந்த ஆள் நடந்தால்கூடப் போதும்டா, உட்கார்ந்தே இருக்கிறான்" என்றாள். அந்த ஒரு வரியில் எனக்கு விடை கிடைத்துவிட்டது. நடக்கிற ஆள் வேண்டும் என்றால் போகவேண்டியது சேய்ச்சோ மாட்சுமோட்டோவிடம்.

1909-இல் பிறந்தவர், ஏழை, ஆரம்பப் பள்ளிப் படிப்போடு வேலைக்குப் போனவர். செய்தித்தாள் ஒன்றில் விளம்பரங்களுக்கு வடிவம் அமைத்துக்கொண்டிருந்த மனிதர் நாற்பது வயதுக்கு மேல்தான் எழுத வந்தார். ஜப்பானியக் குற்றக் கதையைப் பங்களாவிலிருந்தும் விசித்திரப் பிணங்களிலிருந்தும் பிடுங்கி ரயில் நிலையத்துக்கும் அரசு அலுவலகத்துக்கும் கொண்டுவந்தவர் என்று இவரைத்தான் சொல்வார்கள். யோகோயாமாவுக்கு ஒருவகையில் பாட்டன் முறை. பாட்டன் சிக்கனக்காரர்.

'டோக்கியோ எக்ஸ்பிரஸ்' என்று 2022-இல் புதிய ஆங்கில மொழிபெயர்ப்பில் வந்தது. முந்தைய மொழிபெயர்ப்பின் பெயர் 'பாயின்ட்ஸ் அண்ட் லைன்ஸ்'. நூற்றைம்பது பக்கங்களை ஒட்டித்தான் இருக்கும். 1957-இல் ஒரு பயணப் பத்திரிகையில் தொடராக வந்து மறு ஆண்டு நூலானது. கியூஷூ தீவின் காஷி கடற்கரையில் ஓர் ஆணும் பெண்ணும் சயனைடு குடித்து இறந்து கிடக்கிறார்கள். காதலர் தற்கொலை என்று எல்லோரும் கையைத் தட்டிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். தோரிகாய் என்ற வயதான உள்ளூர்த் துப்பறிவாளருக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. காரணம், செத்தவனின் சட்டைப்பையில் இருந்த ரசீது, ரயிலிலேயே இருக்கும் உணவகத்தில் கொடுத்தது. அதில் 'ஒருவர்' என்று இருக்கிறது.

இவ்வளவு சிறிய விஷயத்தை வைத்துக்கொண்டு மாட்சுமோட்டோ செய்வதைப் பார்க்கவேண்டும். சாகத் துணிந்து ஒன்றாகக் கிளம்பிய இருவரில் ஒருவன் மட்டும் போய்ச் சாப்பிடுவானா? தோரிகாய் வீட்டுக்குப் போய் மனைவியிடம் கேட்கிறார்: உனக்குப் பசியில்லை, நான் சாப்பிடக் கூப்பிடுகிறேன், வருவாயா? பசியில்லாவிட்டால் எதற்கு வரவேண்டும் என்கிறாள் மனைவி. மகளிடம் கேட்கிறார். அவள் போவேன் என்கிறாள். ஒரு காப்பியாவது குடித்துக்கொண்டு கூட உட்கார்ந்திருப்பேன், இது பசி சம்பந்தப்பட்டதல்ல, அன்பு சம்பந்தப்பட்டது என்கிறாள். ஒரு குடும்பத்தின் முப்பது வருடம் இந்த இரண்டு பதிலில் வந்துவிட்டது. கூடவே வழக்கும் ஒரு அடி நகர்ந்துவிட்டது. யோகோயாமாவின் நூறு பக்கத்துக்கு இந்த ஒரு பக்கத்தை நான் மாற்றிக்கொள்வேன்.

பிறகு அவர் நடக்கிறார். காஷியில் இரண்டு ரயில் நிலையங்கள், இரண்டுக்கும் இடையே சில நிமிட நடை. மெதுவாக நடந்தால் எவ்வளவு, சாதாரணமாக நடந்தால் எவ்வளவு என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு போய் வருகிறார். மறுமுனையில் தோக்கியோ நிலையத்தில் இன்னொரு கணக்கு. பதின்மூன்றாம் நடைமேடையிலிருந்து பதினைந்தாம் நடைமேடையில் நிற்கும் கியூஷூ விரைவு வண்டியைப் பார்க்கவேண்டும் என்றால், நடுவில் எந்த வண்டியும் மறைக்காமல் இருப்பது நாள் முழுவதிலும் நான்கே நிமிடம்: மாலை 5.57 முதல் 6.01 வரை. அந்த நான்கு நிமிடத்துக்குள் மூன்று பேர் அங்கே நின்று பார்த்தது தற்செயலா? கதையில் வரும் நேரங்களெல்லாம் 1957-இன் உண்மையான ரயில் அட்டவணைப்படிதான் என்று நூலிலேயே குறிப்பு இருக்கிறது. ரயில்வே அட்டவணையை நாவல் போலப் படிக்கிறவர்கள் நம் ஊரிலும் உண்டு. என் அக்கா அவர்களில் ஒருத்தி. எந்த வண்டி எங்கே எத்தனை நிமிடம் நிற்கும் என்று கேட்டுப் பாருங்கள்.

இந்த நாவலும் வேகமானதல்ல. தந்தி கொடுத்துப் பதிலுக்குக் காத்திருப்பது, கடிதம் எழுதுவது, வெயிலில் அலைந்துவிட்டு ஒன்றும் கிடைக்காமல் திரும்பி வந்து காப்பி குடிப்பது என்றுதான் போகிறது. ஆனால் ஒவ்வொரு தடங்கலிலும் எதில் இடித்துக்கொண்டோம் என்பது கையில் பட்டுவிடுகிறது. காத்திருக்கிறோம், எதற்குக் காத்திருக்கிறோம் என்றும் தெரிகிறது. 'சிக்ஸ் ஃபோர்'இல் இந்த இரண்டாவதுதான் ஐந்நூறு பக்கம்வரை நமக்குச் சொல்லப்படுவதில்லை. அங்கே வாசகனின் கோபம் தாமதத்தின் மீது அல்ல, தாமதத்துக்குக் காரணம் சொல்லாததன் மீது என்று எனக்குப் படுகிறது.

குறை இல்லாமல் இல்லை. இன்றைக்குப் படிக்கும் யாருக்கும் சட்டென்று தோன்றும் ஒரு எளிய கேள்வி தோக்கியோவின் துப்பறிவாளர் மிஹாராவுக்குத் தோன்ற வெகுநேரம் ஆகிறது. அதுவரை நாம் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கவேண்டும். முடிச்சு அவிழ்வதும் ஒரு நீண்ட கடிதத்தில். எல்லாவற்றையும் வாயில் ஊட்டிவிட்ட மாதிரி இருக்கும். குற்றவாளி யார் என்பதில் மர்மமே கிடையாது. அக்காவின் பழைய பேருந்து விளையாட்டுக்கு இது உதவாது.

மாட்சுமோட்டோவே போதும், ஆனால் பெரிதாக வேண்டும் என்றால் 1961-இன் 'இன்ஸ்பெக்டர் இமானிஷி இன்வெஸ்டிகேட்ஸ்'. காமட்டா ரயில் பணிமனையில் ஒரு பிணம். முந்தைய இரவு மதுக்கடையில் காதில் விழுந்த ஒரு வட்டார உச்சரிப்பு, 'காமேடா' என்ற ஒரு சொல். துப்பு அவ்வளவே. இமானிஷி இரவு வண்டி பிடித்து மாகாணம் மாகாணமாகப் போகிறார், கிடைத்தால் சரி, இல்லையென்றால் ஒரு ஹைக்கூ எழுதிக்கொண்டு திரும்புகிறார். வெயிலில் தண்டவாளத்தை ஒட்டி நடந்து, ஓடும் ரயிலிலிருந்து யாரோ தூவிவிட்டுப் போன வெள்ளைத் துணுக்குகளைத் தேடும் இடம் ஒன்று இருக்கிறது. வேறு எந்தத் துப்பறியும் கதையிலும் உழைப்பை இவ்வளவு அருகில் நான் பார்த்ததில்லை. பின்பகுதியில் தற்செயல்கள் அளவுக்கு மீறிவிடுகின்றன, ஒரு கொலைமுறை சிரிப்பைத்தான் வரவழைக்கிறது. ஆகவே இது முதல் புத்தகம் அல்ல, இரண்டாவது.

நடுவே மியுகி மியாபேவின் 'ஆல் ஷி வாஸ் வொர்த்' பற்றியும் சொல்லவேண்டும். 1992-இல் வந்த நாவல். ஜப்பானியத் தலைப்பு 'காஷா', பாவிகளை நரகத்துக்கு ஏற்றிப்போகும் நெருப்பு வண்டி. காலில் காயம்பட்டு விடுப்பில் இருக்கும் துப்பறிவாளர் ஹோன்மாவிடம் உறவுக்காரப் பையன் ஒருவன் வருகிறான்: கல்யாணம் நிச்சயமான பெண் காணவில்லை. அவளுக்குக் கடன் அட்டை வாங்க விண்ணப்பித்தபோதுதான், அவள் ஏற்கெனவே திவாலானவள் என்ற விவரம் வெளியே வந்திருக்கிறது. கேட்டதும் மறைந்துவிட்டாள். இதுவும் நடந்து நடந்து விசாரிக்கும் கதைதான். நடுவில் ஒரு வழக்கறிஞர் உட்கார்ந்து கடன் அட்டை எப்படி மனிதனை முழுங்குகிறது என்று விளக்கும் நீண்ட பகுதி வருகிறது. பலர் புத்தகத்தை அங்கேதான் மூடுகிறார்கள். வட்டியும் அசலும் பார்த்து வாழ்க்கையைக் கழித்த அக்கா அங்கேதான் நிமிர்ந்து உட்காருவாள் என்பது என் ஊகம். அது நின்றுபோகும் இடம் சிலருக்கு எரிச்சலைத் தரும். எனக்கு அதுதான் சரியான இடமாகப் பட்டது.

இத்தனையையும் கேட்டுவிட்டு அக்கா, "கடைசியில் என்னதான் சொல்கிறாய், இதை முடிக்கவா வேண்டாமா?" என்றாள்.

சொன்னேன். 'சிக்ஸ் ஃபோர்'ஐ இப்போது மூடு, ஆனால் அலமாரியின் மேல்தட்டுக்கு அனுப்பிவிடாதே. 'டோக்கியோ எக்ஸ்பிரஸ்' மூன்று மாலைக்கு மேல் தாங்காது. அதைப் படித்த பிறகு அந்த ரசீது உன் மனத்தில் நின்றால், அந்த ஊர்க்காரர்கள் சிறிய விஷயங்களை எப்படிப் பொறுக்கிச் சேர்க்கிறார்கள் என்பது பிடிபட்டுவிடும். அப்போது மிகாமியின் வீட்டுக்கு வந்த பேச்சில்லாத தொலைபேசி அழைப்புகளை நீயே வேறு காதால் கேட்பாய். நிற்காவிட்டால் ஜப்பானையே கொஞ்ச நாள் விட்டுவிடு, மியாபேவை மட்டும் பருவமழைக்கு வைத்துக்கொள். எதுவானாலும் கடமைக்காக ஒரு பக்கம்கூடப் படிக்காதே; கடமைக்குப் படித்த கோப்புகள்தான் முப்பத்து நான்கு வருடம் இருந்தனவே.

இருநூறாம் பக்கத்திலிருந்து திரும்பத் தொடங்குவதானால் சில ஏற்பாடுகளும் சொன்னேன். முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டாம். பிரிவுச் சண்டை வரும் இடங்களில் தாராளமாக ஓட்டமாகப் போகலாம். யாருக்கு எந்த நாற்காலி என்பது விளங்காவிட்டாலும் குடிமுழுகிவிடாது. மினாகோ வரும் பக்கங்களையும் அந்த ஊறுகாய் வியாபாரி வரும் பக்கங்களையும் மட்டும் நிதானமாகப் படிக்கவேண்டும். இரவு படுக்கையில் வேண்டாம், பகலில் நாற்காலியில் உட்கார்ந்து படி.

"பெயர்க் குழப்பத்துக்கு என்னடா செய்வது? மிகாமி யார், மிகுமோ யார் என்று நான் பார்த்துப் பார்த்துத் திரும்பவேண்டியிருக்கிறது."

என் பிரதியை எடுத்துப் பார்த்தேன். பின்னட்டைக்குள் அந்தச் சீட்டு அப்படியே இருந்தது: மின்சாரக் கட்டண ரசீதின் முதுகில், பென்சிலில், பதினோரு பெயர்கள். மொச்சிசுகிக்குப் பக்கத்தில் 'பூக்காரன்' என்று எழுதியிருந்தேன். மிகுமோவுக்கு எதிரே 'நல்ல பெண்' என்று மட்டும். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. சற்று நேரம் கழித்து அக்காவிடமிருந்து பதில் வந்தது: "முதலில் அந்த ரயில் புத்தகத்தை அனுப்பு. ரசீதைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது, போன மாத மின்கட்டணம் கட்டினாயா?"